காட்டுக்கு அடியில் எண்ணெய் இருந்தால்: முடிவு யாருடையது?

சரணாலயம் என்று அறிவித்த நிலத்துக்கு அடியில் எண்ணெயோ எரிவாயுவோ இருப்பதாகத் தெரிந்தால் அதை எடுக்கலாமா? அமெரிக்க நாடாளுமன்றம் 1980 முதல் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. ஈக்வடார் மக்கள் 2023-இல் வாக்குச்சீட்டிலேயே விடை எழுதினார்கள். இந்தியாவில் கேள்வி அடிக்கடி எழுகிறது. ஆனால் இந்தக் காடு, இந்தக் கிணறு என்று பெயர் சொல்லி அவையில் விவாதித்து வாக்கெடுக்கும் வழக்கம் இங்கே இல்லை. டெல்லியில் தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு கூடும், நிகழ்ச்சி நிரலில் சாலை, மின்கம்பி, கால்வாய் ஆகியவற்றுக்கு நடுவே எண்ணெய்க் கிணறும் ஒரு பொருளாக வரும், பரிந்துரை போகும். ஆகவே நம் நாட்டில் ‘எடுக்கலாமா’ என்ற கேள்வியை ‘யார் சொல்வது’ என்ற கேள்வியிலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம். இந்தக் கட்டுரை இரண்டாவது கேள்வியையே பிடித்துக்கொண்டு போகிறது.

கொங்கு நாட்டுக்கு இதில் என்ன வேலை?

நேர்ப்பதில்: கொங்கின் அடியில் எண்ணெய் கிடையாது. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் எல்லாம் நைஸும் சார்னோக்கைட்டுமான பழம்பாறை நிலம். எண்ணெய் தேங்குவது படிவுப் பாறைகளில். தமிழ்நாட்டில் அந்தப் பேறு காவிரிப் படுகைக்கு: நரிமணம், குத்தாலம், ராமநாதபுரம். ஆகவே 2007-இல் அறிவிக்கப்பட்ட ஆனைமலைப் புலிகள் காப்பகத்திலோ 2013-இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலத்திலோ யாரும் எண்ணெய்க் கிணறு தோண்டப்போவதில்லை.

ஆனால் எண்ணெய் பயணப்படும் வழி கொங்கு. கொச்சி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே குழாய் ஒன்று இருகூருக்கு வந்து கரூர்வரை போகிறது. கொச்சியிலிருந்து பெங்களூருக்கு எரிவாயு கொண்டுபோகும் கெயில் திட்டம், ஏழு மேற்கு மாவட்டங்களின் தோட்டங்களுக்குள் 310 கி.மீ. போவதாக வரையப்பட்டது. எண்ணெய்த்துறைச் சட்டங்களுக்கு முன்னால் ஒரு மாநில அரசின் சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை உச்ச நீதிமன்றம்வரை போய்ப் பார்த்த பகுதி இது. அந்த அனுபவம் விளைநிலத்தில் கிடைத்ததுதான் என்றாலும், சரணாலய விவாதத்துக்கு அது தரும் வெளிச்சம் கணிசமானது.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிட்டுத் தொடர்வது நல்லது. காட்டிலிருந்து எதையும் எடுக்காமல் வளர்ந்த பகுதியல்ல கொங்கு. கோவையின் குடிநீர் சிறுவாணிக் காட்டிலிருந்து வருகிறது. பொள்ளாச்சியின் தென்னையும் உடுமலையின் வாய்க்கால் பாசனமும் பரம்பிக்குளம்–ஆழியாறு அணைகளை நம்பி நிற்கின்றன. அவற்றில் பல இன்று புலிகள் காப்பகங்களுக்குள் இருக்கின்றன. தண்ணீர் ஆண்டுதோறும் மழையாய்த் திரும்பி வரும், எண்ணெய் வராது என்ற வேறுபாடு உண்டு. ஆனாலும் ‘காட்டைத் தொடவே கூடாது’ என்ற வாதத்தைக் கோவையில் உட்கார்ந்து சொல்பவர் கொஞ்சம் தயங்கித்தான் சொல்ல வேண்டும்.

சட்டமன்றத்தின் கையில் ஒரு காலத்தில் இருந்தது

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. அப்போது காடும் வனவிலங்கும் மாநிலப் பட்டியலில் இருந்ததால், சில மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்ட பிறகே நாடாளுமன்றம் அதை இயற்ற முடிந்தது. நெருக்கடிநிலைக் காலத்து 42-ஆவது அரசமைப்புத் திருத்தம் அவ்விரண்டையும் பொதுப்பட்டியலுக்கு நகர்த்தியது. எண்ணெய் வயலோ தொடக்கத்திலிருந்தே ஒன்றியப் பட்டியலில், 53-ஆவது இனமாக இருக்கிறது. ஒரே நிலத்தின் மேற்பரப்பு இரு அரசுகளுக்கும் பொது, அடிப்பகுதி டெல்லிக்கு மட்டும் என்ற இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் குழப்பங்களில் பாதி விளங்கிவிடும்.

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. தேசியப் பூங்காவின் எல்லையை மாற்ற வேண்டுமானால் மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்று 1972 சட்டமே சொன்னது. 1991 திருத்தம் அதே நிபந்தனையைச் சரணாலயங்களுக்கும் நீட்டியது. அதாவது ஒரு சுரங்கத்துக்காகவோ ஆலைக்காகவோ சரணாலயத்தைச் சுருக்க நினைக்கும் அமைச்சர், அவையில் எழுந்து நின்று காரணம் சொல்லியாக வேண்டும். 2002 திருத்தச் சட்டம் அந்த வரியை எடுத்துவிட்டது. இனி தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை இருந்தால் போதும்.

அப்படியானால் சட்டமன்றம் நல்ல காவலாக இருந்ததா? குஜராத்தின் நாராயண் சரோவர் சரணாலயம் இதற்குப் பதில் சொல்லும். கட்ச் பகுதியில் ஏறத்தாழ 765 ச.கி.மீ. பரப்பில் சிங்காரா மான்களுக்காக ஒதுக்கிய நிலம் அது. அடியில் சுண்ணாம்புக்கல் இருந்தது. சிமென்ட் ஆலைக்கு அது வேண்டியிருந்தது. 1993-இல் மாநில அரசு வெறும் அறிவிக்கை மூலம் சரணாலயத்தை 94 ச.கி.மீ. ஆகச் சுருக்கியது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உடனே விவகாரம் அவைக்குப் போனது. 1995-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி 444 ச.கி.மீ. மிச்சம் வைத்தது. 2000-இல் உச்ச நீதிமன்றம், கண்காணிப்பு வேண்டும் என்று சொல்லி, அந்தத் தீர்மானத்தை ஏற்றுக்கொண்டது.

இந்த வழக்கை இரண்டு விதமாகவும் படிக்கிறார்கள். ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை உள்ள அவையில் தீர்மானம் என்பது வெறும் சடங்கு என்பது ஒரு வாசிப்பு. அறிவிக்கையில் 94 ஆக இருந்தது அவைக்குப் போய்த் திரும்பும்போது 444 ஆனதே, அது சும்மா நடந்ததா என்பது மற்றொன்று. என் பார்வையில் இரண்டாவது வாசிப்புக்குக் கொஞ்சம் வலு அதிகம். பொதுவெளியில் காரணம் சொல்லவேண்டிய கட்டாயம் அரசின் ஆசையைக் குறைத்திருக்கலாம். ஒரே ஒரு வழக்கை வைத்து இதற்குமேல் சொல்ல முடியாது.

எரிபொருள் வாதம்

எடுக்கலாம் என்பவர்களின் அடிப்படை எளிது. இந்தியா பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. வளைகுடாவில் போர் மூண்டால் திருப்பூர்ப் பின்னலாடை ஆலையின் ஜெனரேட்டர் செலவும் நாமக்கல் லாரிக்காரரின் டீசல் கணக்கும் அதே வாரம் மாறுகின்றன. அடியில் இருப்பதை எடுக்காமல் வெளியே டாலர் கொடுத்து வாங்குவது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறார்கள். கிணறு பிடிக்கும் இடமும் குறைவுதான்: சில ஏக்கர், அணைபோலப் பள்ளத்தாக்கையே மூழ்கடிப்பதில்லை.

இந்த வாதத்தின் பலவீனம் அளவில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பகுதிகள் நாட்டின் நிலப்பரப்பில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். அவற்றிலும் எண்ணெய்ப் படிவம் உள்ள பகுதி சிறியது. அந்தச் சிறு பகுதியைத் திறந்தால் இறக்குமதிச் சார்பு குறிப்பிடத்தக்க அளவு குறையும் என்று யாரும் நம்பும்படி காட்டிவிடவில்லை. ‘சில ஏக்கர்’ என்ற கணக்கையும் அசாமின் பாக்ஜான் கலைத்துவிட்டது. திப்ரு–சைகோவா தேசியப் பூங்காவின் எல்லைக்கு அருகே ஆயில் இந்தியா நிறுவனத்தின் கிணறு 2020 மே 27 அன்று கட்டுமீறி எரிவாயுவைக் கக்கியது. ஜூன் 9-இல் தீப்பற்றியது. தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். நவம்பர் நடுப்பகுதியில்தான் முழுதும் அடங்கியது. பக்கத்திலிருந்த மகுரி–மோடாபுங் சதுப்பில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. கிணறு இருந்தது பூங்காவுக்கு வெளியே. வரைபடத்தில் போட்ட கோட்டைச் சதுப்பு நீர் மதிக்கவில்லை.

கூடவே கூடாது என்போர்

மறுபக்கத்தில் நிற்பவர்களுக்குச் சட்டத்தின் எழுத்தே துணை. 1972 சட்டத்தின் 29-ஆவது பிரிவு, வனவிலங்கின் மேம்பாட்டுக்கும் நல்ல நிர்வாகத்துக்கும் அவசியம் என்று அரசுக்குத் தோன்றினால் மட்டுமே சரணாலய வாழிடத்தைக் குலைக்கும் செயலுக்கு அனுமதி தரலாம் என்கிறது. அந்த வரியை அப்படியே படித்தால் எந்த எண்ணெய்க் கிணறும் உள்ளே வர முடியாது. எந்த எண்ணெயும் யானைக்கு நன்மை செய்யப் போவதில்லை. நடைமுறையில் நெடுஞ்சாலைகளும் மின்தடங்களும் இதே பிரிவின் வாசல் வழியாகத்தான் நுழைந்திருக்கின்றன. எழுத்துக்கும் நடப்புக்கும் இவ்வளவு இடைவெளி உள்ள சட்டப்பிரிவுகள் நம்மிடம் குறைவு என்று சொல்ல ஆசைதான், துணிவு வரவில்லை.

இவர்களுக்கு நீதிமன்றமும் கைகொடுத்தது. 2000-ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம், தன் அனுமதியின்றிச் சரணாலயங்களையும் பூங்காக்களையும் விடுவிக்கக் கூடாது என்றது. 2022 ஜூன் 3-ஆம் தேதி உத்தரவு அவற்றுக்குள் சுரங்கம் கூடவே கூடாது என்றது. சுற்றிலும் ஒரு கி.மீ. சூழல் பாதுகாப்பு வளையத்தைக் கட்டாயமாக்கியது. கூடலூரிலும் வால்பாறையிலும் கடைவீதிவரை இந்த உத்தரவு பேசப்பட்டது நினைவிருக்கலாம். 2023 ஏப்ரலில் வளைய விதி தளர்ந்தது. பூங்காவுக்குள்ளும் எல்லையிலிருந்து ஒரு கி.மீ.க்குள்ளும் சுரங்கத் தடை மட்டும் நின்றது.

இந்த நிலைப்பாட்டின் குறை, எல்லைக்கோட்டின்மீது அது வைக்கும் அளவுகடந்த நம்பிக்கை. கோவையில் அதன் பலனைப் பார்த்தோம். தடாகம் பள்ளத்தாக்கில் யானைகள் நடமாடும் பகுதியில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண் தோண்டினார்கள். தோண்டிய இடம் பெரும்பாலும் பட்டா நிலம். காப்புக்காட்டின் கோட்டுக்கு வெளியே. ஓடைக்கரைகள் சுவர்போல வெட்டப்பட்டு நின்றன, யானை ஏறி இறங்க முடியாத ஆழத்துக்கு. வனவிலங்குச் சட்டம் அங்கே பெரிதாக உதவவில்லை. பல ஆண்டு வழக்குகளுக்குப் பிறகு 2021-இல் சூளைகளை மூடவைத்ததில் அனுமதியின்றி மண் எடுத்தது என்ற கனிமச் சட்டக் குற்றச்சாட்டுக்கே முக்கியப் பங்கு. காட்டின் பெயரால் முடியாதது மண்ணின் பெயரால் முடிந்தது.

நிபுணர்களிடம் விட்டுவிடலாமா?

2002 திருத்தத்தின் தர்க்கம் இதுதான்: எம்.எல்.ஏ.க்களுக்கு நீண்டகால நோக்கு இருக்காது. வாரியத்தில் அறிவியலாளர்கள் இருப்பார்கள். பிரதமர் தலைவர், மூன்று நாடாளுமன்ற உறுப்பினர்கள், தொண்டு நிறுவனங்கள், சூழலியலாளர்கள் என்று சட்டம் விரிவாகவே இடம் ஒதுக்கியது. ஆனால் முழு வாரியம் 2012-க்குப் பிறகு கூடியது 2025 மார்ச்சில், கீர் காட்டில். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் எல்லாத் திட்டங்களையும் பார்த்தது சுற்றுச்சூழல் அமைச்சர் தலைமையிலான நிலைக்குழு. மூன்று எம்.பி.க்கள் என்ற ஏற்பாட்டுக்குப் பெரிதாகப் பொருளில்லாமல் போனது.

நிபுணர் என்பவரும் எங்கோ வேலை செய்பவர்தான். ஆனைகட்டியில் 1990-இல் தொடங்கிய சாலிம் அலி பறவையியல் மையம் தன்னாட்சி நிறுவனமாகப் பல ஆய்வுகள் செய்தது. பின்னர் அது டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. திட்டத்துக்கு அனுமதி கொடுக்கும் அமைச்சகமே ஆய்வு நிறுவனத்துக்கும் படியளக்கிறது. ஆய்வாளர்களின் நேர்மையை இது குறைத்துவிடாது. என்றாலும் ‘சுதந்திர நிபுணர் கருத்து’ என்ற சொற்றொடரைச் சற்று நிதானித்து வாசிக்க வைக்கிறது.

நிலைக்குழுவின் முடிவுகள் எப்படி இருக்கும் என்பதற்கு அசாமின் ஹூலாங்காபார் கிப்பன் சரணாலயம் அண்மைக்கால உதாரணம். சுமார் 21 ச.கி.மீ. பரப்புள்ள சிறு காடு. அதன் சூழல் வளையத்தில் ஏறத்தாழ 4.5 ஹெக்டேர் இடத்தில் ஆய்வுக் கிணறு தோண்ட வேதாந்தா குழுமத்தின் கெய்ர்ன் பிரிவு கேட்டது. 2024 இறுதியில் பரிந்துரை கிடைத்தது: தோண்டிப் பார்க்கலாம், எண்ணெய் கிடைத்தாலும் வளையத்துக்குள் வணிக எடுப்பு கூடாது. கிடைத்தால் எடுக்கக் கூடாது என்றால் தேடுவது எதற்கு? வெளியிலிருந்து சாய்வாகத் துளைத்து எடுப்பதற்கு என்பது பதில். அந்தத் தொழில்நுட்பம் விவாதத்தையே வேறு தளத்துக்கு நகர்த்திவிட்டது. அதைப் பின்னால் பார்ப்போம்.

கெயில் சொல்லிக்கொடுத்தது

நான்காவது பதில்: அந்தந்த மண்ணின் மக்களும் மாநிலமும் தீர்மானிக்கட்டும். 2011-இல் மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைக் குழு, கிராம சபைகளின் வாயிலாக முடிவு வர வேண்டும் என்ற இடத்துக்கே வந்து சேர்ந்தது. 2013-இல் கஸ்தூரிரங்கன் குழு செயற்கைக்கோள் வரைபடத்தை வைத்து மலைத்தொடரில் 37 சதவீதத்தைச் சூழல் கூருணர்வுப் பகுதியாக வரையறுத்தது. அதன்பிறகு வரைவு அறிவிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2024 ஜூலை 31 தேதியிட்டது ஆறாவது.

மாநிலத்துக்கே முடிவெடுக்கும் உரிமை என்ற வாதத்தின் பலத்தையும் எல்லையையும் கொங்கில் ஒருசேரப் பார்க்கலாம். கெயில் குழாய்க்கு அடிப்படை 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டம். அச்சட்டம் நிலத்தை வாங்காது. நிலத்தின் அடியில் குழாய் பதிக்கும் உபயோக உரிமையை மட்டும் எடுத்துக்கொள்ளும். பட்டா விவசாயி பேரிலேயே இருக்கும். சந்தை மதிப்பில் 10 சதவீதம் இழப்பீடு. அதன்பிறகு அந்தத் தடத்தில் அவர் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. தடத்தின் அகலம் 20 மீட்டர். நாலு ஏக்கர் தென்னந்தோப்பில் குறுக்கே 20 மீட்டர் போனால் என்ன மிஞ்சும் என்பதைச் சூலூர், பல்லடம் பக்கத்து விவசாயிக்கு யாரும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. போர்வெல் அந்தத் தடத்தில் மாட்டிக்கொண்டால் மிச்சத் தோட்டமும் தண்ணியில்லாமல் போகும். ‘ரோட்டோரமாகக் கொண்டு போ’ என்பதுதான் அவர்களின் கோரிக்கை. எரிவாயுவே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

2013 மார்ச்சில் தலைமைச் செயலாளர் கோவைக்கு வந்து ஏழு மாவட்ட விவசாயிகளைக் கேட்டார். அந்த மாதம் 25-ஆம் தேதி முதலமைச்சர் ஜெயலலிதா சட்டமன்றத்தில் அறிவித்தார்: விளைநிலத்தில் குழாய் கூடாது, நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போகட்டும். நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலத்தின் ஆணையை ரத்து செய்தது. 2016 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றமும் மாநிலத்தின் மேல்முறையீட்டைத் தள்ளியது. ஒன்றியச் சட்டம் கொடுத்த உரிமையை மாநில நிர்வாக ஆணை தடுக்க முடியாது என்பதே அதன் சாரம். இடையில் 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் நகரம் என்ற கிராமத்தில் கெயில் குழாய் வெடித்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அந்தச் செய்தி கொங்குத் தோட்டங்களில் நீதிமன்றத் தீர்ப்பைவிட ஆழமாகப் பதிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, மாநிலம் தோற்றது நிர்வாக ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு. சட்டமே இயற்றியிருந்தால்? 2020-இல் தமிழ்நாடு அதைச் செய்துபார்த்தது, ஆனால் டெல்டாவுக்கு.

வேளாண் மண்டலச் சட்டம்: பக்கவாட்டில் ஒரு காவல்

2020 ஜனவரி 16 அன்று ஒன்றிய அரசு, எண்ணெய்–எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று விதியை மாற்றியது. பிப்ரவரி 9 அன்று சேலம் மாவட்டம் தலைவாசலில் நடந்த கால்நடைப் பூங்கா அடிக்கல் நாட்டு விழாவில், முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தார். டெல்டாவுக்கான அறிவிப்பு கொங்கு மண்ணில் வந்தது தற்செயல்தான். பிப்ரவரி 20-இல் மசோதா நிறைவேறியது. தெரிவுக்குழுவுக்கு அனுப்பக் கேட்டு தி.மு.க. வெளிநடப்பு செய்தது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முழுதும், கடலூர், புதுக்கோட்டையில் சில வட்டாரங்களும் அதில் அடங்கின. புதிய எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் வாயுக் கிணறுகளுக்குத் தடை. ஏற்கெனவே இயங்கும் கிணறுகளைச் சட்டம் தொடவில்லை. இன்னொரு விலக்கைக் கொங்கு விவசாயி உடனே கவனிப்பார்: துறைமுகம், சாலை, மின்சாரம் முதலியவற்றோடு குழாய்ப் பாதைகளுக்கும் இந்தத் தடை பொருந்தாது.

சரணாலயக் கோணத்தில் பார்த்தால் விசித்திரமான ஒன்று தெரிகிறது. 1967-இல் அறிவிக்கப்பட்ட கோடியக்கரைச் சரணாலயம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது. ஆகவே புதிய கிணற்றுக்கு எதிராக அதைச் சுற்றி நிற்கும் வேலிகளில் ஒன்று நெல்லுக்காகப் போட்டது. வெளிமானும் பூநாரையும் நெல்லின் நிழலில் தப்பியிருக்கின்றன. ராமநாதபுரத்துக்கு அந்த நிழல் இல்லை. 2025-இல் அங்கே ஓ.என்.ஜி.சி.யின் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையமே அனுமதி கொடுத்தது. எதிர்ப்பு வந்ததும், ஆகஸ்டில், அதைத் திரும்பப் பெறச் சொன்னது மாநில அரசு. தடுக்கும் சட்டம் இல்லாத மாவட்டத்தில் எல்லாமே அரசியல் வெப்பநிலையைப் பொறுத்தது.

அலாஸ்காவும் யசுனியும்

சட்டமன்றமே முடிவெடுக்கும் நாடுகளில் காரியம் மேலாக நடக்கிறதா? அலாஸ்காவின் ஆர்க்டிக் வனவிலங்குப் புகலிடத்தில் கடலோரமாக உள்ள சுமார் 15 லட்சம் ஏக்கரை 1980-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக வைத்தது: அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதிக்கும்வரை எண்ணெய் எடுக்கக் கூடாது. 1995-இல் அவை அனுமதித்தது, கிளின்டன் ரத்து அதிகாரத்தால் தடுத்தார். 2005-இல் மேலவையில் தேவையான 60 வாக்கு கிடைக்கவில்லை. 2017-இல் வரிச்சட்டத்துக்குள் ஒரு பிரிவாக நுழைத்து நிறைவேற்றினார்கள். கூட்டரசுக்கு 100 கோடி டாலருக்கு மேல் வரும் என்றது கணிப்பு. 2021 ஜனவரி ஏலத்தில் ஒன்றரைக் கோடி டாலர்கூட வரவில்லை. 2025 ஜனவரி ஏலத்துக்கு ஒருவரும் வரவில்லை. அதே ஆண்டு ஜூலையில், பத்து ஆண்டில் நான்கு ஏலம் நடத்தியாக வேண்டும் என்று இன்னொரு சட்டம் வந்தது. கரிபூ மான்களை நம்பி வாழும் குவிச்சின் மக்கள் எதிர்க்கிறார்கள். புகலிடத்துக்குள்ளேயே குடியிருக்கும் இன்யுபியாட் மக்களில் பலர் ஆதரிக்கிறார்கள். ‘மண்ணின் மக்கள் முடிவு செய்யட்டும்’ என்ற வாதத்துக்கு இது சங்கடமான உதாரணம்: எந்த மண்ணின் மக்கள்?

ஈக்வடாரின் யசுனி தேசியப் பூங்காவில், எண்ணெயை எடுக்காமல் விடுகிறோம், உலகம் 360 கோடி டாலர் ஈடு தரட்டும் என்று 2007-இல் கேட்டார்கள். வந்தது அற்பத் தொகை. 2013-இல் அவை தோண்ட அனுமதித்தது. பத்தாண்டு கழித்து, 2023 ஆகஸ்ட் 20 பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 59 சதவீதத்தினர் நிறுத்தச் சொன்னார்கள். தோண்டத் தொடங்கிய கிணறுகளை மூடுவது வாக்களிப்பதைவிடக் கடினமான வேலை என்பதை அந்நாட்டு அரசு அதன்பிறகு உணர்ந்தது.

இரு நாடுகளிலும் முடிவு நிலைக்கவில்லை. பெரும்பான்மை மாறினால் மாறியது. ஆனால் யார் எதற்கு வாக்களித்தார் என்ற பதிவு இருக்கிறது. ஹூலாங்காபாருக்கு அப்படி ஒரு பெயர்ப்பட்டியலை எந்த அவைக் குறிப்பிலும் தேட முடியாது.

அண்மைய இரண்டு சட்டங்கள்

நம் நாடாளுமன்றம் இந்தப் பொருளைத் தொடவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. 2023-இல் வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் வந்தது. சுற்றுச்சூழல் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவைத் தாண்டி, கூட்டுக்குழு ஒன்றுக்கு மசோதா போனது. அந்த நிலைக்குழுவின் தலைவர் ஜெய்ராம் ரமேஷ் அதை எதிர்த்தார். கூட்டுக்குழு ஒரு மாற்றமும் பரிந்துரைக்கவில்லை; சில உறுப்பினர்கள் மாற்றுக்கருத்துக் குறிப்பு எழுதினார்கள். மணிப்பூர் வன்முறை குறித்த கூச்சலுக்கு நடுவே ஜூலை 26-இல் மக்களவையிலும் ஆகஸ்ட் 2-இல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அதன்படி, நில அதிர்வுச் சோதனை உள்ளிட்ட கனிம ஆய்வுகளை ‘வனமல்லாத பயன்பாடு’ என்ற கணக்கிலிருந்து ஒன்றிய அரசு நீக்கிவைக்கலாம். அதே ஆண்டு, காட்டுக்கு வெளியே மேடை அமைத்துச் சாய்வாகத் துளைத்துக் காட்டின் அடியிலிருந்து எண்ணெய் எடுத்தால் வனச்சட்ட அனுமதி வேண்டியதில்லை என்று அமைச்சகத்தின் வழிகாட்டுதல் வந்தது.

2025-இல் எண்ணெய் வயல்கள் திருத்தச் சட்டம் மார்ச் 12 அன்று மக்களவையில் நிறைவேறியது. அது பெட்ரோலியப் பணிகளைச் சுரங்கப் பணிகளிலிருந்து பிரித்து, சுரங்கக் குத்தகைக்குப் பதில் பெட்ரோலியக் குத்தகை என்ற தனி ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தொழில்துறைக்கு நியாயமான காரணம் உண்டு: நிலக்கரிக்கு எழுதிய விதிகள் எண்ணெய்க்குப் பொருந்தாது. ஆனால் 2022, 2023 உச்ச நீதிமன்ற உத்தரவுகள் தடுப்பது சுரங்கத்தை. எண்ணெய்க் கிணறு இனி சுரங்கம் அல்ல என்று ஒரு நிறுவனம் வாதிட்டால் அந்தத் தடை நிற்குமா என்பது சட்டத்துறையினர் கவனிக்க வேண்டிய இடம். அப்படி வாதிட்டால் வெல்லும் என்று நான் சொல்லவில்லை. வாதிட இடம் கிடைத்திருக்கிறது என்பதே என் கணிப்பு.

முடியாமல் இருப்பவை

இத்தனை நிலைப்பாடுகளையும் வைத்துப் பார்க்கும்போது, எந்த ஒரு கையில் அதிகாரம் இருந்தாலும் காடு தானாகப் பாதுகாப்பாக இருந்துவிடவில்லை. சட்டமன்றம் நாராயண் சரோவரைச் சுருக்கியது. வாரியம் பன்னிரண்டு ஆண்டு கூடவில்லை. நீதிமன்றம் ஒரு கி.மீ. விதித்து ஓராண்டுக்குள் தளர்த்தியது. என் மதிப்பீட்டில், 2002-இல் எடுத்துப்போட்ட அவைத் தீர்மான நிபந்தனையை வாரியப் பரிந்துரைக்கு மேல் கூடுதல் படியாகத் திரும்பக் கொண்டுவருவது பரிசீலிக்கத் தக்கது: நிபுணர் அறிக்கை அவையின் மேசைக்கு வரட்டும், எண்ணெய் எடுக்க விரும்பும் அரசு எழுந்து நின்று கேட்கட்டும். இதனால் தாமதம் வரும். எண்ணெய் அங்கேயே சில கோடி ஆண்டு கிடந்ததுதான்.

அதற்கும் தடைகள் உண்டு. சாய்வுத் துளைப்பில் எல்லையே மாறுவதில்லை; எல்லை மாறாதபோது தீர்மானமும் தேவைப்படாது. அடிநிலத்துக்கும் சரணாலயத் தகுதி பொருந்துமா, எவ்வளவு ஆழம்வரை என்பதை 1972 சட்டம் தெளிவாகப் பேசவில்லை. அந்தக் காலத்தில் அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

மாநில உரிமைப் பக்கம் இன்னும் பெரிய கேள்வி காத்திருக்கிறது. குஜராத் 2001-இல் தனி எரிவாயுச் சட்டம் இயற்றியபோது, இயற்கை எரிவாயு முழுதும் ஒன்றியத்தின் 53-ஆவது இனத்தில் அடங்கும், மாநிலத்துக்குச் சட்டமியற்றும் அதிகாரமில்லை என்று 2004-இல் உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வு சொன்னது. தமிழ்நாட்டின் 2020 சட்டம் எரிவாயுவைப் பற்றியது என்று பார்த்தால் அதே கதி நேரலாம். வேளாண்மையைப் பற்றியது என்று பார்த்தால், மாநிலப் பட்டியலின் 14-ஆவது இனத்தில் நின்று பிழைக்கலாம். வனவிலங்கின் பெயரில் ஒரு மாநிலம் இதேபோலச் சட்டம் இயற்றினால் பொதுப்பட்டியலின் விதிப்படி ஒன்றியச் சட்டமே மேலோங்கும்; குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தால் மட்டும் விலக்கு. ஆகவே இப்போதைய அமைப்பில் நெல்வயலுக்கு மாநிலம் போடக்கூடிய வேலி, யானைக் காட்டுக்குப் போடக்கூடியதைவிட உறுதியானது. இருகூரிலிருந்து பெங்களூருப் பக்கம் தேவனகொந்திவரை செல்லும் அடுத்த எண்ணெய்க் குழாயை நெடுஞ்சாலை ஓரம் மாற்றக் கேட்டுக் கோவை, திருப்பூர் விவசாயிகள் போராடியபோது அவர்களுக்கு அந்த வேளாண் வேலியும் இல்லை. 1962 சட்டம் மட்டுமே எதிரில் இருந்தது.